முறிகண்டியில் ஊன்ற ஒரு கால்

பதினெட்டு லீற்றர் தாங்கி.
லீற்றருக்கு முப்பத்தைந்து ஓடினால்
பருத்தித்துறையில் நிரப்பித்
தெய்வேந்திரமுனையில் மூடி திறக்கலாம்.
கணக்குச் சரி அக்கா என்றான் நிரோஜன்.
கால்தான் இடிக்குது என்றான்,
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாங்குளம் சந்திக்குப் பின்புறம் அவன் கராஜ்.
தகரக்கூரை வெயிலில் முறுகுகிற நேரம்
இருநூறு சிசியைக் கழற்றிச் சாக்கில் பரப்பினோம்.
கந்தோரில் வாய்க்கால் வரைகிற கையால்
சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் வரைந்தேன்.
அவன் வெட்டினான், ஒட்டினான்,
மூன்று முறை பிழையாக.

என் இடது, ஜெய்ப்பூர்க்கால்.
கணு மடியாது.
விரல்நுனியால் கியரைத் தூக்கு என்றால்
அதற்கு விளங்காது.
மிதி என்றால் மிதிக்கும்.
ஆகவே தூக்குகிற வேலையையே எடுத்துவிட்டோம்:
முன்னால் ஒரு மிதி, குதிக்கு ஒரு மிதி,
நடுவில் அச்சு.
முன்மிதி கியரைக் கூட்டும், குதிமிதி குறைக்கும்.
முழங்கால் என்னுடையது. அது போதும்.

கியர் விழுந்ததைக் கால் உணராது.
காது உணரும்.
மண்ணெண்ணெயில் வண்டிகள் இருமிய நாட்களில்
எந்த இருமல் எந்தக் குறைக்கு என்று
தாங்கிமேல் குந்தியிருந்து படித்த காது.

தூரம் போகிற வண்டிக்கு
வேகம் பெரிதில்லை, களைக்காமல் இருக்கவேண்டும்.
தோள் எரியாதிருக்க ஹாண்டிலை உயர்த்தினோம்.
காற்றுத்தடுப்பு, மூடிய கடையொன்றின் பெயர்ப்பலகைத் தகடு;
சூடுகாட்டி வளைத்த பின்னும்
ஓரத்தில் 'ஸ்ரோர்ஸ்' போகவில்லை.
இரவுக்கு இரண்டு மஞ்சள் விளக்கு.
வெள்ளை வெளிச்சம் புழுதியில் சுவராகிவிடும்,
சுவருக்குப் பின்னால் யானை நிற்கும்.
காற்றுவடிக்கு மேலே
என் குறைகாலுக்கு மாட்டித் தேய்ந்த பருத்தியுறை.
ஒட்டுசுட்டான் றோட்டுச் செம்மண்ணை
அது குடித்து மிச்சத்தைத்தான் எஞ்சின் மூச்சிழுக்கும்.

வெளிநாட்டு வண்டிகளில்
கைப்பிடியைச் சூடாக்க வயர் இருக்கிறதாம்.
நிரோஜன் சிரித்த சிரிப்பில்
ஸ்பானர் ஒயில் தட்டுக்குள் விழுந்தது.
நாங்கள் சீற்றுக்குத் தும்புப்பாய் தைத்தோம்.

இடப்பெட்டி: ரியூப், பம்பி, செயின் துண்டு, மழைக்கோட்டு.
வலப்பெட்டி: மாற்றுக்கால்.
நிறை ஒத்துவர ஒரு தண்ணீர்ப்போத்தல்.

ஓடும்போது யாருக்கும் கால் தேவையில்லை.
முன்சில்லு தன் சாய்வைத் தானே திருத்திக்கொள்ளும்.
நாற்பதில் போகிற வண்டியை
விழுத்துவதுதான் கஷ்டம்.
நிற்கும்போதுதான் அது கேட்கும்,
ஊன்ற என்ன வைத்திருக்கிறாய் என்று.

சீற்றை இரண்டு அங்குலம் பதித்தோம்.
வலக்காலே பிறேக், வலக்காலே ஊன்றல்;
அது இறங்குகிற நொடிக்கு
முன்பிறேக்கை இரண்டு விரல் பிடிக்கும்.
றோட்டின் நடு உயர்ந்து ஓரம் தாழ்வது
மழைத்தண்ணீர் வடியத்தான்.
ஆனாலும் இடப்பக்கம் ஓடுகிற எனக்கு
வலப்பக்கத் தரை ஒரு விரற்கடை கிட்ட வருகிறது.

சோதனை ஓட்டம். கொக்காவில் கடந்து வடக்கே.
ஏ-ஒன்பதில் எது வந்தாலும் முறிகண்டியில் நிற்கும்.
பஸ் நிற்கும், ஆமி ட்ரக் நிற்கும்,
ஏசி வான்கள் கண்ணாடி இறக்கிப்
பிள்ளையாரைப் பார்க்கும்.
நானும் நிற்கவேண்டும்.
நான்கு, மூன்று, இரண்டு,
காது எண்ணியது.
கால் இறங்கியது.
சரளைக்கல் ஒன்று உருண்டது.
நூற்றைம்பது கிலோ என் தொடையில் சாய்ந்து
யோசித்து
நிமிர்ந்தது.

கச்சான்காரி பெட்டியைத் தட்டி
என்ன ஏத்திக்கொண்டு போறியள் என்றாள்.
கால், என்றேன்.
ஒரு பிடி கூடப் போட்டாள்.
காசைச் சரியாக எண்ணி வாங்கினாள்.

திரும்பியதும் நிரோஜனிடம் சொல்லவேண்டும்:
குதிமிதி இன்னும் அரை அங்குலம் நீளட்டும்.
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கையில்
செருப்பு வழுக்குது.